பனிச்சங்குளம் இன்னும் பதில் தரவில்லை

கிளிநொச்சி. மார்கழி. இரவு ஒன்று இருபது.
கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி
ரயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே ஏ ஒன்பதில்
முழங்கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு
ஒரு லொறி போகிறது.

ஏழு குளங்களுக்கு ஏழு கேள்விகள் அனுப்பினேன்.
முன்பு ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்டோம்:
மருதடிக்குளம் சொல்லி முடிக்கும்வரை
கொம்புவைத்தகுளம் படலையில் நிற்கும்,
கடைசிக் குளத்தின் முறை வர
மழையே விட்டிருக்கும்.
இப்போது ஏழும் ஒரே மூச்சில்.
ஏழு பெடியளை ஏழு சைக்கிளில் அனுப்பிவிட்டு
வெறுங்கையோடு நிற்பது மாதிரி.

முற்றாக வெறுங்கை இல்லை.
ஒவ்வொரு கேள்விக்கும் ஜாவாஸ்கிரிப்ட்
உடனே ஒரு துண்டு தரும்.
எத்தனை அடித் தண்ணீர் என்று அதில் இருக்காது.
சொல்லுவேன் என்று மட்டும் இருக்கும்.
புறொமிஸ். வாக்கு.
அதற்கு மூன்றே நிலை:
நிலுவை, நிறைவு, நிராகரிப்பு.
நிலுவை என்ற சொல்லை
இந்த ஊரில் யாரும் சும்மா எழுதுவதில்லை.
எழுதி, அழித்து,
மறுபடி எழுதினேன்.

ஏழு வாக்கையும் ஒரு கட்டாய்க் கட்டி
'எல்லாம்' என்று கேட்டிருந்தேன்.
பொல்லாத சொல்.
ஆறு குளம் அடிக்கணக்கோடு வந்து நிற்க
பனிச்சங்குளம் கையை விரித்ததும்
திரை முழுக்கச் சிவப்பு.
கைக்கு வந்த ஆறும் கண்ணுக்கு இல்லை.
நீர்ப்பாசனத்திலிருந்து யூட்சன் போனில் கத்தினான்:
"ஒண்டுமே தெரியேல்லை அக்கா!
துலக்கன்குளம் வான் பாயுதோ?
கீழ சனம் படுத்திருக்கு."

மாற்றினேன்.
நிறைந்ததோ நிராகரித்ததோ
அவரவர் கதையை அவரவர் கொண்டுவரட்டும்,
எல்லாரும் முடித்ததும் திற.
திறக்கவில்லை.
பனிச்சங்குளம் இம்முறை இல்லை என்றும் சொல்லவில்லை.
அங்கே கருவி இல்லை, வேலும்மயிலும் இருக்கிறார்;
கம்பத்தை லைட் அடித்துப் பார்த்து
கட்டில் ஏறி, சிக்னல் பிடித்து
எண்ணை அமத்த வேண்டும்.
ஆமும் இல்லையும் சொல்லாத ஒன்றுக்காக
ஆறு குளம் மழையில் நிற்கிறது.

நித்திரைக் கண்ணோடு டிலக்சன் கேட்டான்:
"எவ்வளவு நேரம் காத்திருக்க விடுவம்?"
கேட்ட பிறகுதான்
தான் கேட்டது அவனுக்குக் கேட்டது.
பத்து விநாடி, என்றேன்.
பதினைஞ்சாப் போடுங்கோ, என்றான்.
போட்டேன்.

வாக்குக்கும் மணிக்கூட்டுக்கும் ஓட்டம்.
மணிக்கூடு வென்றது.
ஆறு நீலக் கோடுகள் எழுந்தன.
துலக்கன்குளம் ஒன்றரை அடி வான் பாய்கிறது.
யூட்சன் உழவு இயந்திரங்களை அனுப்பினான்.
ஏழாவது இடத்தில் சாம்பல் பெட்டி:
பதில் இல்லை.

ஓட்டத்தில் தோற்ற வாக்கு செத்துப்போவதில்லை.
நிற்கச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லை.
அது தன் பாட்டில் வந்துகொண்டிருக்கும்,
கேட்க ஆளில்லாத இடத்துக்கு.
இரண்டு பதினொன்றுக்கு
கறுப்பு யன்னலின் அடியில் ஒரு வரி:
பனிச்சங்குளம், 11.25.
திரையில் அது இல்லை.
திரை எப்போதோ முடிவெடுத்துவிட்டது.

போன் அடித்தேன்.
"பதினொண்டே கால், பிள்ளை.
பாலை மரம் ஒண்டு கட்டுக்குக் குறுக்கால விழுந்துபோச்சு,
சுத்தித்தான் ஏறினனான்.
பிந்திப்போச்சோ?"
பன்னிரண்டில் வான் பாயும்.
இல்லை ஐயா, என்றேன்.
யூட்சனின் இலக்கத்தை அமத்திக்கொண்டே
பிந்தி வருவதையும் ஏந்த ஒரு வரி எழுதினேன்.
பிறகு சாம்பல் பெட்டிக்குப் போய்
'பதில்' என்பதை எடுத்துவிட்டு
'இன்னும்' என்று போட்டேன்.
இன்னும் இல்லை.

டிலக்சன் அதை வாசித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிளேன்ரீக்குக் கேத்தில் வைக்கப் போனான்.